பருவ மாறுதலும் அதன் காரணமும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், முற்பகல் அமர்வில், தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



காரியதரிசி அவர்கள் என்னை அழைத்தபோது, சிலப்பதிகாரத்தைப் பற்றியோ திருக்குறளைப் பற்றியோ பேசுமாறே விரும்பினார்கள். தமிழ் கற்பித்து வயிறு வளர்க்கும் என் போன்றோனிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? எனினும் இன்று பிற்பகல் பொதுக்குழுவில் தீர்மானம் ஒன்று வரவிருக்கின்றது. காங்கயம் பக்கத்தில் நம் முன்னோர் சங்கத்துக்கு எழுதி வைத்த கொறங்காட்டை மனையிடங்களாக்கி விற்று, அத்தொகையைக் கொண்டு குளிர்சாதன வசதியுடைய கலியாண மண்டபம் எழுப்புவது என்பது அது. அதன்மேல் கை உயர்த்துமுன் நாம் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உளதென்று கருதி, உலகின் பருவ மாறுதலைப் பற்றிப் பேச அனுமதி வேண்டினேன். காரியதரிசி அவர்கள் முகம் சுளியாது இசைந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி.

நம் முன்னோர் காலத்தை அளந்தவர். தொல்காப்பியர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தார். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அவ்வாற்றுக்கும் உரையாசிரியர்கள் இவ்விரண்டு மாதங்களை வகுத்து வைத்தனர். நிலத்தை நால்வகையாகக் கூறிப் பாலைக்கு மட்டும் தனி நிலம் வகுக்காது விட்டமை கருதத் தக்கது. மற்றைய நிலங்கள் வேனில் மிகுதியால் வளம் குன்றித் திரிந்த நிலையே பாலை என்பது புலவர் மரபு. பொழுது பிறழ்ந்தால் நிலமும் பிறழும் என்று அவர்கள் கண்டிருந்தனர். நம் கொங்கு நாடோ பெரும்பாலும் முல்லை நிலம். ஆனிரையும் புன்செய்யும் உடைய நிலம். அது பாலையாகத் திரிவது நமக்குக் கதையன்று.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ள வேண்டும். இன்று பெய்த மழையும் நேற்று அடித்த வெயிலும் வானிலை எனப்படும். ஓரிடத்தில் முப்பது ஆண்டு அளவில் எடுத்த சராசரியே பருவநிலை. ஒருவனுடைய ஒருநாட் சினத்துக்கும் அவன் வாழ்நாட் குணத்துக்கும் உள்ள வேறுபாடு இது. “போன மார்கழியில் பல் கிட்டியது; உலகம் சூடாகிறது என்கிறீரே” என்று சிலர் நகைப்பர். ஒருநாட் சினத்தைக் கொண்டு குணம் தேர்தல் கூடாது. ஒருநாட் சிரிப்பைக் கொண்டும் கூடாது.

இனி, உலகம் வெம்மை மிகுந்து வருகின்றது என்பதற்குச் சான்று யாது? உஷ்ணமானியே முதற் சான்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ல் வான ஆராய்ச்சி நிலையம் கட்டினர். இந்திய வானிலை இலாகா 1875-ல் ஏற்பட்டது. அன்றுமுதல் நாடெங்கும் நாள்தோறும் வெப்பமும் மழையும் அளந்து குறித்து வருகின்றனர். இக்குறிப்புகளையெல்லாம் தொகுத்து மத்திய சர்க்காரின் புவி அறிவியல் அமைச்சகத்தார் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 0.7 பாகை செல்சியஸ் உயர்ந்தது என்கின்றது. உலகு முழுதும் சேர்த்துப் பார்ப்பின், 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டு, 1850 முதல் 1900 வரையுள்ள காலத்தைவிட 1.1 பாகை மிகுந்திருந்தது. 2024-ஆம் ஆண்டு தனியே 1.5 பாகையையும் கடந்தது.

“ஒரு பாகைதானே! காலைக்கும் நண்பகலுக்கும் பத்துப் பாகை மாறுகின்றதே” என்பர். நம் உடம்பின் வெப்பம் 37 பாகை. அது 38 ஆனால் வைத்தியரைத் தேடுகிறோம். 40 ஆனால் வீட்டார் அழுகின்றனர். சராசரி என்பது அத்தகையது.

உஷ்ணமானி பொய்க்கலாம் என்று ஐயுறுவோர் உளர். ஊர் பெருகி, அளவுகோல் வைத்த இடத்தைச் சுற்றிக் காரைக் கட்டிடங்கள் எழுந்தமையால் வெப்பம் மிகுந்து காட்டுகின்றது என்பது அவர் வாதம். நல்ல வாதமே, ஆராய்ச்சியாளரும் இதனை எண்ணித்தான் கணக்கிட்டுள்ளனர். ஆனால் நடுக்கடலில் காரைக் கட்டிடம் ஏது? மேற்சொன்ன அறிக்கையே 1951-க்கும் 2015-க்கும் இடையில் வெப்பமண்டல இந்துமாக்கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ ஒரு பாகை சூடேறியது என்று கூறுகின்றது. கடல் மட்டம் உலகளவில் 1901 முதல் 2018 வரை 20 சென்டிமீட்டர் அளவு உயர்ந்துள்ளது. சூடேறிய நீர் பருக்கும். உருகிய பனி கடலிற் சேரும். இவ்விரண்டுமே அவ்வுயர்வுக்குக் காரணம். இமயத்துப் பனியாறுகள் பின்வாங்குகின்றன. வடதுருவக் கடலின் பனிப்பரப்பு கோடைதோறும் குறுகி வருகின்றது. பனிக்குக் கட்சியும் இல்லை, கொள்கையும் இல்லை. சூடுபட்டால் உருகும், அவ்வளவே.

இதுவரை கூறியது நோய் உண்டு என்பதற்குச் சான்று. நோய்முதல் யாது என்பதே அரிய வினா. அதனைச் சற்று விரித்துரைக்க அனுமதி வேண்டுகிறேன்.

சந்திரனும் பூமியும் சூரியனிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் உள்ளன. ஆயினும் சந்திரனில் பகல் வெப்பம் கொதிநீரினும் மிகும். இரவில் பனிக்கட்டியினும் நூறு பாகைக்குமேல் தாழும். பூமி அங்ஙனம் ஆகாதது ஏன்? பூமிக்குக் காற்றென்னும் போர்வை உண்டு. சூரிய ஒளி அதனூடே புகுந்து நிலத்தைச் சூடாக்குகின்றது. சூடேறிய நிலம் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களை வானோக்கி விடுகின்றது. காற்றிலுள்ள நீராவி, கரியமிலவாயு முதலியன அக்கதிர்களில் ஒரு பகுதியை ஏற்று மீளக் கீழே அனுப்புகின்றன. இவை இல்லையாயின் பூமியின் சராசரி வெப்பம் நீர் உறையும் நிலைக்கும் 18 பாகை கீழே இருக்கும் என்பது கணக்கு. ஆகவே போர்வை தீதன்று. சித்திரை மாதத்தில் போர்வைமேற் போர்வை போர்த்துதலே தீது.

இவ்வுண்மை நேற்றுக் கண்டதன்று. பிரெஞ்சு தேசத்துக் கணித வல்லுநர் பூரியே 1824-ல் இதனைக் கருதினார். அமெரிக்காவில் யூனிஸ் பூட் என்னும் அம்மையார் 1856-ல் கரியமிலவாயு அடைத்த கண்ணாடிக் குழலை வெயிலில் வைத்து, அது வெறுங் காற்றினும் மிகச் சூடேறுவதைக் காட்டினார். (அம்மாதர்க்கு உரிய புகழ் நெடுங்காலம் கிட்டவில்லை, அது வேறு கதை.) 1859-ல் டிண்டால் என்பார் எந்த வாயு எவ்வளவு வெப்பக் கதிரை ஏற்கும் என்று அளந்தார். சுவீடன் தேசத்து அரேனியசு என்பார் 1896-ல், காற்றிற் கரியமிலவாயு இரட்டித்தால் உலகம் எத்தனை பாகை சூடேறும் என்று கையாலேயே கணக்கிட்டார். 1938-ல் இங்கிலாந்து தேசத்து நீராவி யந்திர நிபுணர் காலண்டர் என்பார் 147 நிலையங்களின் வெப்பக் குறிப்புகளைத் தொகுத்து, உலகம் சூடேறத் தொடங்கிவிட்டது என்று எழுதினார். குளிர் நாட்டவர் ஆகலின் அரேனியசும் காலண்டரும் இதனை நன்மை என்றே எண்ணி மகிழ்ந்தனர்! கோடையில் தகரக் கொட்டகையில் ஒருநாள் அவர்களை இருத்தியிருப்பின் மகிழ்ந்திரார்.

கரியமிலவாயு உண்மையில் பெருகுகின்றதா என்று அளந்தவர் சார்லசு கீலிங். பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, அவாய்த் தீவின் மௌன லோவா மலைமேல் 1958 முதல் அளந்து வந்தார். அன்று பத்து லட்சம் பங்கு காற்றில் 315 பங்கு இருந்தது. இன்று 420 பங்கினையும் தாண்டிவிட்டது. அதற்கு முன்னைய நிலை எங்ஙனம் தெரியும் என்பீர்கள். தென்துருவத்தில் ஆண்டுதோறும் பெய்த பனி அடுக்கடுக்காய் இறுகிக் கிடக்கின்றது. ஒவ்வோர் அடுக்கிலும் அந்தந்தக் காலத்துக் காற்றுக் குமிழி சிறைப்பட்டிருக்கின்றது. அதனைத் துளைத்தெடுத்து ஆராய்ந்தனர். எட்டு லட்சம் ஆண்டுக் கணக்கு அதில் உள்ளது. அந்நெடுங்காலம் முழுதும் அது 300 பங்கைக் கடந்ததே இல்லை. நீராவி யந்திரம் பெருகுமுன் 280 பங்கே இருந்தது. ஓலைச்சுவடி படிக்கும் என் போன்றோர்க்கு இப்பனிச் சுவடியின் தொன்மை வியப்பைத் தருகின்றது.

பெருகிய வாயு நம் புகையிலிருந்து வந்ததென்பதற்கு என்ன அடையாளம்? கரிப் பொருளில் ஒருவகை, காலப்போக்கில் தானே சிதைந்து மறையும் இயல்புடையது. உயிருள்ள மரத்தில் அது இருக்கும். பல லட்சம் ஆண்டு மண்ணிற் புதைந்த நிலக்கரியிலும் மண்ணெண்ணெயிலும் அறவே இராது. காற்றில் அவ்வகைக் கரியின் விகிதம் குறைந்து வருவதை 1950-களிலேயே கண்டனர். பழங்கரியின் புகை கலந்து மெலிந்த அடையாளம் அது. பாலில் நீர் கலந்ததைப் பால்மானி காட்டுவதுபோல என்று கொள்க. அன்றியும், ஏதேனும் எரிந்தால் பிராணவாயு செலவாகும். காற்றில் பிராணவாயு அதற்கேற்பக் குறைந்து வருவதையும் கீலிங்கின் புதல்வர் அளந்து காட்டினார்.

சூரியனே வெம்மை மிகுந்துவிட்டான் என்று கூறுவோர்க்கு நம் மலையிலேயே விடை இருக்கின்றது. கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையம் 1899-ல் ஏற்பட்டது. நூறாண்டுக்கு மேலாக அங்குச் சூரியனைப் படம் பிடித்து வைத்துள்ளனர். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும். 1978 முதல் வானிற் சுழலும் கோள்கள் சூரிய ஒளியின் அளவை நேரே அளக்கின்றன. அது ஏறி இறங்குகின்றதேயன்றி, மேலோங்கிச் செல்லவில்லை. உலக வெப்பமோ மேலோங்கிச் சென்றது. மற்றுமோர் அடையாளம்: சூரியனே காரணமாயின் காற்றின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒருங்கே சூடேற வேண்டும், பகல்தான் மிகச் சூடேற வேண்டும். நிகழ்வதோ கீழடுக்கு சூடேற, மேலடுக்கு குளிர்கின்றது; பகலினும் இரவு விரைந்து சூடேறுகின்றது. போர்வை போர்த்தவனுக்கு உள்ளே வேர்க்கும், போர்வையின் புறத்தே தண்ணென்றிருக்கும். காரணம் போர்வையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? உலக நாடுகள் 1988-ல் அமைத்த ஆராய்ச்சிக் குழுவினர், மனிதனாலேயே இது நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை என்று 2021-ல் எழுதினர்.

இவ்வாராய்ச்சியில் தமிழகத்தில் பயின்றவர் ஒருவருக்கும் பங்குண்டு என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்ற வீரபத்திரன் இராமநாதன், செக்கந்தராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் சிலகாலம் வேலை பார்த்தார். அப்பெட்டியில் அடைக்கும் வாயு கசிவதைத் தடுப்பது அவர் பணி. பின்னர் அமெரிக்கா சென்று, 1975-ல் அதே வகை வாயு கரியமிலவாயுவினும் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று கண்டுபிடித்தார். கரியமிலவாயு ஒன்றே குற்றவாளி என்றிருந்த கருத்து அன்று மாறிற்று. மாட்டுக் குடலிலும் நீர் தேங்கிய வயலிலும் குப்பை மேட்டிலும் பிறக்கும் மீதேன் வாயுவும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. இந்தியாவின்மேல் பரவி நிற்கும் பழுப்பு நிறப் புகைத்திரையையும் அவரே பிறருடன் சேர்ந்து ஆராய்ந்தார். உலகம் 1.1 பாகை ஏற, நம் நாடு 0.7 பாகையே ஏறியதற்கு இப்புகைத்திரையும் ஒரு காரணம். அது வெயிலை மறைக்கும் குடை. ஆனால் குடை சில நாளில் மழையோடு கரைந்துவிடும். கரியமிலவாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். அன்றியும் அக்குடை மார்புக்கு நஞ்சு. அதனை நம்பியிருத்தல் பேதைமை.

இந்த இடத்தில், சென்ற மாதம் தோட்டத்துத் திண்ணையில் இதையெல்லாம் நான் கூறக் கேட்டிருந்த உறவினர் ஒருவர் வினவிய வினாவைச் சொல்லாது செல்ல முடியாது. எண்பது வயதைக் கடந்தவர். எனக்கு மாமன் முறை. “ஏனுங்க வாத்தியாரே, தாது வருசத்துப் பஞ்சத்துல எந்த மில்லு புகை உட்டுச்சுங்க? அப்பவும் மழை பேயலையே!” என்றார். “நீங்க கேட்டது சரிதானுங்க மாமா” என்றேன். இதனினும் கூரிய வினாவை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

தாது வருஷம் என்பது 1876-ஆம் ஆண்டு. அன்று தொடங்கிய பஞ்சம் இரண்டாண்டு நீடித்துச் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவரைக் கொன்றது. அதற்குக் காரணம் பசிபிக் சமுத்திரத்தின் கிழக்குப் பகுதி சிலவாண்டுக்கு ஒருமுறை சூடேறி, நம் பருவக்காற்றை நிலைகுலையச் செய்வது. அதனுடன் அன்றைய ஆட்சியாளரின் கடுநெஞ்சமும் சேர்ந்தது. கப்பலில் தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருக்க, மக்கள் மடிந்தனர். பின்னாளில் இந்திய வானிலை இலாகாவின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், நம் மழையின் ஏற்றத் தாழ்வுக்கும் அக்கடற் காற்றின் ஊசலாட்டத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டார். ஆகவே மழை பொய்த்தல் புதிதன்று. மனிதன் புகைவிடாத நாளிலும் பொய்த்தது. பழைய ஊசலாட்டம் இன்றும் நிற்கவில்லை. ஆனால் ஊஞ்சலைத் தொங்கவிட்ட உத்தரமே இப்போது மெல்ல உயர்ந்துகொண்டிருக்கின்றது. அன்று வறட்சி வந்தால் மழை மட்டும் இல்லை. இன்று வறட்சி வந்தால் மழையும் இல்லை, மிகுந்த வெப்பத்தால் மண்ணில் இருந்த ஈரமும் இல்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பாதிக்குமேல் பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களையும் வறட்சிக்கு உள்ளானவையாக சர்க்கார் அறிவித்தது நம் எல்லோர் நினைவிலும் இருக்கும். மாமா சிறிது நேரம் யோசித்து, “அப்ப ரெண்டும் சேந்து வருதுங்களா” என்றார். ஆம், இரண்டும் சேர்ந்து வருகின்றன.

அவ்வாறே, கேடு நேர்ந்த போதெல்லாம் பருவ மாறுதலே காரணம் என்று கூவுதலும் நேர்மையன்று. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையை ஆராய்ந்தவர்கள், அம்மழையில் உலக வெப்பத்தின் கை தெளிவாகத் தெரியவில்லை என்றே எழுதினர். ஏரியில் வீடு கட்டிய குற்றத்தை வானத்தின்மேல் ஏற்றுதல் ஆகாது. ஆனால் பொதுவிதி ஒன்றுண்டு. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு அதிக நீராவியைத் தாங்கும். தாங்கியதைக் கொட்டும்போது பெரிதாகக் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. நம் திருப்பூர்ப் பக்கத்தில் ஓராண்டு முழுதும் பெய்வதினும் மிகுதி அது! மழை நாள் குறைந்து, பெய்தால் வெள்ளம் என்னும் நிலை உழவனுக்கு உதவாது. 1951 முதல் 2015 வரை நாட்டின் தென்மேற்குப் பருவமழை நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தது. குறைந்த இடங்களுள் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒன்று. நொய்யல் பிறப்பது அம்மலையில்; அமராவதி பிறப்பது அம்மலையில்; பரம்பிக்குளம் ஆழியாற்று வாய்க்காலுக்கு நீர் வருவதும் அங்கிருந்தே. உடுமலைக்கும் பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் இதனைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1932-ல் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. அதனாலே கோயமுத்தூர்ப் பக்கம் மில்கள் பெருகின. திருப்பூரில் பஞ்சு அரைவையும், பின்னர்ப் பனியனும், பின்னர் ஏற்றுமதியும் வளர்ந்தன. அன்று வந்தது நீர் மின்சாரம், புகையில்லாதது. இன்று மேட்டூரிலும் நெய்வேலியிலும் வடசென்னையிலும் கரி எரிந்தே நம் மின்சாரத்தில் பெரும்பங்கு வருகின்றது. பனியன் துணிக்குச் சாயமேற்றவும் காயவைக்கவும் கொதிகலன் வேண்டும். அதற்கு விறகோ கரியோ வேண்டும். ஒரு கணக்கு சொல்கிறேன், மாணவர்கள் மனத்தில் கொள்க: சுத்தக் கரி 12 பங்கு எரிந்தால் கரியமிலவாயு 44 பங்கு உண்டாகும். லாரியில் ஒரு பாரம் கரி வந்திறங்கினால், ஒரு பாரத்தினும் மிகுந்த வாயு புகைபோக்கி வழியே போகின்றது. அது எடையில்லாததுபோல் போவதால் நாம் எண்ணுவதில்லை.

நொய்யலை நாம் எண்ணினோமா? ஒவ்வொரு சாயப்பட்டறையாரும், “என் ஒருவன் வாய்க்கால் தண்ணீராலா ஆறு கெடும்?” என்றே கூறினர். 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளில் சாயநீர்த் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி உழவர்கள் கோர்ட்டுப் படி ஏறினர். 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. அதன்பின்னரே கழிவுநீர் முழுதையும் சுத்திகரித்து மீளப் பயன்படுத்தும் முறை நிலைபெற்றது. பட்டறை மூடிக்கிடந்த அந்நாட்களில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பது இச்சபையில் பலருக்குத் தெரியும். முதலிலேயே செலவிட்டிருந்தால் பாதித் துன்பம் இல்லை. ஆனால் ஒன்று: அந்தச் சுத்திகரிப்புக்கே இப்போது மின்சாரமும் நீராவியும் ஏராளமாய்ச் செலவாகின்றன. ஆற்றிலிருந்து எடுத்த அழுக்கின் ஒரு பகுதியை வானத்தில் ஏற்றுகிறோம். ஆறு நிறம் மாறினால் கண்ணுக்குத் தெரிந்தது; வானம் நிறம் மாறுவதில்லை.

இதற்கு நேர்மாறான நற்செய்தியும் நம்மிடமே உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றை நம் முன்னோர் நெல் தூற்றப் பயன்படுத்தினர். இன்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காடுகளில் காற்றாலைகள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகள் உள்ளன. அவற்றுட் பல மில்காரரும் பனியன் கம்பெனியாரும் நிறுவியவை. இலாபம் கருதியே நிறுவினர், அதனால் குறைவில்லை. அயல்நாட்டு வியாபாரிகளும் இப்போது, சட்டை ஒன்றுக்கு எவ்வளவு புகை என்று கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டனர்.

அவர்கள் கேட்பதற்கு என்ன தகுதி என்று சினப்பார் உண்டு. அச்சினம் நியாயமானது. உலகம் ஓராண்டில் ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமிலவாயுவை எரிபொருளால் விடுகின்றது. அதில் ஏறக்குறையப் பாதியைக் கடலும் காடும் ஏற்க, எஞ்சியது வானில் தங்குகின்றது. தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் இந்தியனுக்கு ஏறத்தாழ 2 டன், அமெரிக்கனுக்கு ஏறத்தாழ 14 டன். இதுவரை உலகில் விட்ட புகை முழுவதிலும் கால்பங்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது. போர்வையை நெய்தவர் அவர், வேர்ப்பது நமக்கு. அவர் முதலில் செலவிட வேண்டும் என்று நம் சர்க்கார் வாதாடுதல் தகும். ஆனால் “இந்தியனுக்கு 2 டன்” என்பது சராசரி என்பதை மறக்கலாகாது. அறைதோறும் குளிர்சாதனம் வைத்து, ஆளுக்கொரு மோட்டார் வைத்திருக்கும் நம்மிற் சிலருடைய கணக்கும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் பனியன் கம்பெனிகளில் தைக்கும் பெண்ணின் கணக்கும் ஒன்றல்ல. அமெரிக்கனிடம் நாம் கேட்கும் நியாயத்தை அப்பெண் நம்மிடம் கேட்கலாம்.

2024 ஏப்ரலில் ஈரோட்டில் வெப்பம் 42 பாகையைக் கடந்தது. அவ்வாண்டு அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாகச் சேர்த்தது. தகரக் கூரையின் கீழ் இஸ்திரிப் பெட்டியின் முன் நிற்பவருக்கு அந்த அளவு எவ்வளவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி நடத்துவோர் ஒருநாள் நண்பகலில் அங்கு அரைமணி நின்று பார்க்கலாம். கூரைக்கு வெண்சுண்ணாம்பு பூசுதல், உள்ளே தென்னந்தடுக்கு வேய்தல், வேலை நேரத்தைக் காலைக்கு மாற்றுதல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். கொறங்காடு என்பது வெறும் பொட்டல் என்று இளைஞர்களிற் பலர் எண்ணுகின்றனர். சுற்றிலும் கிளுவை வேலி; உள்ளே கொழுக்கட்டைப் புல்; இடையிடையே வெள்வேல மரம். காங்கயம் காளையை உண்டாக்கியது இந்தக் காடுதான். நீர் பாய்ச்சாமலும் உழாமலும், மிகக் குறைந்த மழையைக் கொண்டே, தலைமுறை தலைமுறையாக மாட்டுக்குத் தீனி தந்து வந்திருக்கின்றது. மழை பொய்த்த ஆண்டில் புல் கருகினும் வேர் சாவதில்லை. ஒரு மழைக்குத் துளிர்க்கும். வெள்வேலங்காய் கோடையில் ஆட்டுக்கு உணவு. உழாத மண்ணில் புல்வேர் கரியைப் பிடித்து வைத்திருக்கும். உழுது மனைபோட்டால் அக்கரியும் காற்றில் ஏறும். வெம்மை மிகும் காலத்துக்கென்றே நம் முன்னோர் ஆக்கி வைத்ததுபோல் இருக்கின்ற ஒரு நிலத்தை விற்று, வெம்மையை மிகுவிக்கும் மண்டபம் ஒன்றை நாம் கட்டப்போகிறோம். கலியாணம் நடக்கும் நாட்கள் ஆண்டில் எத்தனை? மற்றை நாட்களில் அது பூட்டிக் கிடக்கும்.

மண்டபமே வேண்டாம் என்று யான் கூறவில்லை. பழைய மண்டபத்தின் கூரையை உயர்த்தி, காற்றோட்டமான சாளரம் வைத்து, மேலே சூரிய மின்தகடு பதிக்கலாம். மாணவர் விடுதிக்கும் அம்மின்சாரம் உதவும். கொறங்காட்டை மாடு வளர்க்கும் நம்மவர்க்கும், அக்கம்பக்கத்துப் பிற குலத்தார்க்கும் முறைவைத்துக் குத்தகைக்கு விடலாம். வேலி பழுதான இடங்களில் கிளுவைக் கொம்பு நட்டால் போதும். சென்ற ஞாயிறன்று மாணவர்களோடு சென்று அவ்விடங்களைக் குறித்து வந்தேன். மண்டபச் செப்பத்துக்கும் மின்தகட்டுக்கும் ஆகும் செலவை மேஸ்திரியிடமும் மின்தகடு பதிப்பவரிடமும் எழுதி வாங்கி, குத்தகை விவரத்தோடு காரியதரிசி அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறேன். பிற்பகல் கூட்டத்தில் தீர்மானத்தைப் படிக்குமுன் அதனையும் படிக்கச் செய்யுமாறு தலைவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.